ஒரு படம் கேட்கும் கேள்வி

(சுதந்திர தின விழாவில் நம் குடியிருப்பு வளாகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கலையும் விடுதலையும்" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு பெரியது. நான் நம் ஊரைச் சுற்றியே பேசிவிடுகிறேன்.

குற்றாலத்துக்கு விருந்தாளிகளை அழைத்துப்போனால் அருவியில் குளிக்க வைத்து, புரோட்டா வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அடுத்த முறை சித்திர சபைக்கும் கூட்டிப்போங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் மற்ற நான்கும் சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு. ஐந்தாவது நம்முடையது. இங்கே இறைவனின் நடனத்தைச் சித்திரமாகவே வணங்குகிறோம். சுவரில் தீட்டிய படத்துக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்த ஊர் இது.

பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அது அரசியல் நூல் அல்ல. திருக்குற்றாலநாதர் மேல் பாடிய பக்தி நூல்தான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஊர் ஊராக அலைந்து குறி சொல்லிப் பிழைக்கும் ஒரு மலைக்குறத்தி, செல்வ வீட்டுப் பெண்ணான வசந்தவல்லியின் முன் வந்து தன் மலையின் பெருமையைத் தலை நிமிர்ந்து சொல்கிறாள். இன்றும் மேடைகளில் ஆடிப் பாடப்படுவது அந்தப் பகுதிதான். தெருவில் போகிறவளுக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று அவளைப் பேசவிட்டார் கவிராயர்.

அடுத்து கடையம். பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். 1918ஆம் ஆண்டு இறுதியில் புதுச்சேரியை விட்டு வெளியேறி, கடலூரில் கைதாகி விடுதலையான பிறகு, பாரதியார் 1920 வரை அங்கேதான் குடியிருந்தார். அவரைக் கவிஞராகத்தான் நமக்குத் தெரியும். அவர் நடத்திய 'இந்தியா' வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கியது. தமிழ் இதழ்களில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழி போட்டது அதுதான். பாரதியார் தூரிகை பிடிக்கவில்லை. எதை வரைய வேண்டும் என்ற யோசனை அவருடையது, வரைந்தவர்கள் ஓவியர்கள். படத்தின் கீழே அதன் பொருளையும் விளக்கி எழுதினார்கள். பஞ்சமும், நாட்டின் செல்வம் வெளியே போவதும், மிதவாதத் தலைவர்களின் தயக்கமும் அதில் படமாக வந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரிந்துவிடும். அரசுக்குக் கோபம் வந்தது அதனால்தான். 1908இல் இதழின் பதிவு பெற்ற ஆசிரியர் கைதானார். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார், இதழும் பின்னாலேயே போனது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வர முடியாதபடி தடுத்த பிறகு 1910இல் நின்றுபோனது.

அது வெள்ளைக்காரன் காலம், இப்போது அப்படியா என்று கேட்பீர்கள். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். இன்றைய தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கணவன், மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகள் அந்த வளாகத்திலேயே தீயில் கருகினார்கள்; நால்வரும் இறந்துபோனார்கள். காரணம் கந்துவட்டி. அதற்கு முன் பல முறை மனுக் கொடுத்திருந்தார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை செய்த தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதலே இருக்கிறது. அது இருந்தும் இது நடந்தது.

கார்ட்டூனிஸ்ட் பாலா அதைப் படமாக வரைந்தார். முதலமைச்சர், ஆட்சியர், காவல் ஆணையர் மூவரும் ஆடையின்றி ரூபாய் நோட்டுகளால் மறைத்துக்கொண்டு நிற்க, எதிரே ஒரு குழந்தை எரிகிறது. நவம்பர் 5ஆம் தேதி அவரைக் கைது செய்து திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் பிணை கிடைத்தது. 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது.

அந்தப் படம் அருவருப்பாக இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. உங்களில் சிலருக்கும் அப்படித் தோன்றலாம். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்பது வேறு. நாலு உயிர் போனதைவிடப் படத்தில் துணி இல்லாததற்கு நாம் அதிகம் கோபப்பட்டோமா? ஒரு படம் நம்மைச் சுட்டால், வரைந்தவரைத் திட்டும் முன் அது காட்டும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இதை நம் வளாகத்துக்குள் கொண்டுவருகிறேன். சென்ற பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். தலைப்பு "எங்கள் குடியிருப்பு". பூங்கா, கோலம், மேற்குத் தொடர்ச்சி மலை என்று அழகாக வரைந்திருந்தார்கள். ஒரு படத்தில் மட்டும், லிஃப்டுக்குள் ஒருவர் தன் நாயோடு நிற்கிறார். பக்கத்துப் படிக்கட்டில் வாளியும் துடைப்பமுமாக ஓர் அம்மா மாடி ஏறுகிறார். அறிவிப்புப் பலகையில் எல்லாப் படங்களோடும் காலையில் இருந்த அது மாலையில் இல்லை. யார் எடுத்தார் என்று நான் விசாரிக்கவில்லை. யார் மனமும் புண்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எடுத்திருக்கலாம்.

ஆனால் அந்தப் பிள்ளை பொய் எதையும் வரையவில்லை. வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று நம் விதிகளில் எங்கும் எழுதவில்லை. இருந்தும் நாலாவது மாடி வரை அவர்கள் நடந்துதான் ஏறுகிறார்கள். நாம் தினமும் பார்த்தும் கண்ணில் படாத ஒன்று அந்தப் பிள்ளையின் கண்ணில் பட்டிருக்கிறது. படத்தை எடுத்துவிட்டோம், படிக்கட்டு அப்படியே இருக்கிறது.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, அந்தப் படத்தைத் தேடி எடுத்து, பிள்ளையின் பெற்றோர் சம்மதத்தோடு மீண்டும் பலகையில் மாட்டுங்கள். இரண்டாவது, லிஃப்ட் எல்லோருக்கும் பொது என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, தரைத்தளத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது, அடுத்த போட்டியில் நம் காவலாளிகள், வேலைக்கு வரும் அம்மாக்கள் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இப்படி ஒரு படம் வரைந்து கொண்டுவந்தால், "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று சொல்லிவிடாதீர்கள். "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். பதில் சங்கடமாக இருந்தாலும் முழுவதும் கேளுங்கள்.

மிட்டாய்ப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள், இனி யாரும் என் பக்கம் திரும்பப்போவதில்லை.