அனுப்பியவர்கள் பதில் சொல்லட்டும்



இலங்கை வால்பாறைக்குத் தூரத்து ஊரல்ல. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை, ஒருவரையும் கேட்காமல், இந்தியாவின் பங்கு என்று எழுதியது. அப்படி வந்தவர்கள் பிழைக்கத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம், டேன்டீ, இந்த மலையிலும் இருக்கிறது. அதனால்தான் அங்கே போன இந்தியச் சிப்பாயைப் பற்றித் தேயிலைத் தோட்டத் தோழர்களான உங்களிடம் பேசுகிறேன்.

1987 ஜூலை 29-ல் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதிப்படை அங்கே போனது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டார்கள். அக்டோபரில் அந்த ஊருக்குள்ளேயே விடுதலைப் புலிகளோடு போர்! பல்கலைக்கழக வளாகத்தில் இரவோடு இரவாக இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் 29 பேர் செத்தார்கள். பத்து நாளில், தீபாவளி வேளையில், இந்தியச் சிப்பாய்கள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்தார்கள். டாக்டர், நர்ஸ், படுத்துக்கிடந்த நோயாளி என்று அறுபது பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தக் குற்றத்தை நான் கழுவ வரவில்லை. ஆனால் சுட்டவன் யார்? சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த குடியானவன் மகன். கூடச் சாப்பிட்டவன் பிணமாகக் கிடக்கிறான். தயங்கினால் கோழை, கேட்டால் தேசத்துரோகி. அதிகாரியின் உத்தரவைவிடப் பக்கத்தில் நிற்பவனின் பார்வைக்குத்தான் அவன் அதிகம் பயந்திருப்பான். அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் டெல்லியில் பத்திரமாக இருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் மட்டும் என்ன? பின்னாளில் வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் பிடித்துப் போனார்கள். பிள்ளையை ஒளித்துவைத்துக் கெஞ்சிய தாயைப் பற்றி நம் தமிழ் மேடைகள் எத்தனை பேசின? இன உணர்வு என்று முழங்கியவர்களும் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

இந்தியச் சிப்பாய்கள் 1,200 பேர் வரை மாண்டபின், 1990 மார்ச்சில் மிச்சப்பேர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். முதல்வர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. யாழ்ப்பாணத்துச் சாவுகளுக்கான அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது அனுப்பியவன் மேலல்லவா முதலில் பாய்ந்திருக்க வேண்டும்!

சுட மறுத்த சிப்பாய்களும் உண்டு. 1930 ஏப்ரல் 23, பெஷாவர். நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட மாட்டோம் என்றார்கள் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த சந்திர சிங் கர்வாலியும் தோழர்களும். சேர்ந்து மறுத்ததால்தான் மறுக்க முடிந்தது. வெள்ளைக்காரன் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தான். நாம் அவரைத் தியாகி என்கிறோம். அப்படியானால், சுட மறுக்கும் சிப்பாய்க்கு நம் சட்டத்தில் இன்று தெளிவான பாதுகாப்பு எழுதுங்கள்! கடல் கடந்து படை போகுமுன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுங்கள், கை தூக்கியவர் பெயரை ஊரறியப் போடுங்கள்!