தெரிந்த கணக்கில் மார்க் ஏன் போகிறது?

(அரையாண்டுத் தேர்வை முன்னிட்டு நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் போரூர், கிண்டி என்று வேலைக்குப் போய், போக்குவரத்து நெரிசலில் சிக்கி, இரவு எட்டு மணிக்கு மேல்தான் திருமுடிவாக்கம் வந்து சேருகிறீர்கள். அதனால் பல வீடுகளில் சின்னப் பிள்ளைகளின் பாடத்தை என்னைப் போன்ற தாத்தா பாட்டிகள்தான் பார்க்கிறோம். நான் ஆசிரியர் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பேத்தி மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் செருப்பு ஸ்டாண்டைச் சுத்தம் செய்தபோது, அடித்தட்டில் மடித்து வைத்த கணக்கு விடைத்தாள் கிடைத்தது. 25-க்கு 16. அதைவிட, அவள் அதை ஒளித்து வைத்ததுதான் எனக்கு உறைத்தது. யோசித்துப் பார்த்தேன். முந்தைய தேர்வில் மார்க் குறைந்தபோது, வந்திருந்த உறவினர் முன்னால், "பேங்க்ல இருந்த தாத்தாவுக்குக் கணக்கு வராத பேத்தி" என்று வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நான் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்த முதல் வருடம், ஒரு மாலை 500 ரூபாய் குறைந்தது. அன்றைக்கு அது எனக்குப் பெரிய தொகை. கை நடுங்கத் தலைமைக் காசாளரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்து எண்ண ஆரம்பித்தார். ஒரு நூறு ரூபாய்க் கட்டில் 105 தாள்கள் இருந்தன. அன்று அவர் கத்தியிருந்தால், அடுத்த முறை குறைந்தபோது நான் மறைக்கத்தான் பார்த்திருப்பேன். எனக்குக் கிடைத்த அந்தப் பொறுமையை என் பேத்திக்கு நான் கொடுக்கவில்லை.

அன்று இரவு அவளை மடியில் வைத்துக்கொண்டு, "வா பாப்பா, காணாமல் போன 9 மார்க்கைத் தேடலாம்" என்றேன். மூன்று பத்தி போட்டோம். தெரியாமல் போனது, தெரிந்தும் தவறியது, செய்யாமல் விட்டது. கணக்கு தெரியாமல் போனது 2 மார்க்தான். "மீதி எவ்வளவு" என்ற கேள்விக்குக் கூட்டிப் போட்டதும், 45-ஐ 54 என்று எடுத்து எழுதியதுமாக 5 மார்க். தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விட்டது 2 மார்க். நானோ வாய்ப்பாட்டை இன்னும் பத்து முறை எழுதச் சொல்லும் எண்ணத்தில் இருந்தேன். எழுதியிருந்தால் கை வலித்திருக்கும், அந்த 7 மார்க் வந்திருக்காது.

உங்கள் வீட்டிலும் விடைத்தாள் வந்ததும் இந்த மூன்று பத்திகளைப் போட்டுப் பாருங்கள். தெரியாததற்குத்தான் பாடம் சொல்லித் தர வேண்டும். மற்ற இரண்டுக்கும் தேவை பழக்கம். நாங்கள் பழகிய முறையைச் சொல்கிறேன்.

முதலில், கேள்வியைப் படிப்பது. ஒரு காசோலை வந்தால் தேதி, எழுத்தில் தொகை, எண்ணில் தொகை, கையெழுத்து என்று வரிசையாகப் பார்ப்போம். ஆயிரமாவது காசோலைக்கும் அதே வரிசைதான். அதுபோல, கேள்வியை விரல் வைத்துப் படித்து, என்ன கேட்கிறார்கள் என்ற சொல்லுக்குப் பென்சிலில் கோடு போடப் பழக்குங்கள். 'மீதி', 'மொத்தம்', 'தவறானது எது' போன்ற சொற்கள்தான் பிள்ளைகளைக் கவிழ்ப்பவை.

இரண்டாவது, வராத கேள்வியில் உட்கார்ந்துவிடாமல் இருப்பது. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முடிவில் புள்ளி வைத்தவற்றுக்குத் திரும்பி வரலாம்.

மூன்றாவது, சரிபார்ப்பது. 'சரி பார்த்தாயா' என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். எதைப் பார்ப்பது என்று சொல்லுங்கள்: பெயர், பின்பக்கம், எடுத்து எழுதிய எண்கள். 54-லிருந்து 45-ஐக் கழித்தால் 9. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வங்கியில் டேலி ஆகாத நாளில் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், விளையாட்டாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம், ஐந்து கேள்வி போதும். டி.வி.யை அணைத்துவிட்டு, கடிகாரத்தை எதிரில் வையுங்கள். ஒரு நாள் பிள்ளை கேள்வித்தாள் தயாரிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். என் பேத்தி எனக்கு வைத்த தேர்வில், நான் பின்பக்கத்தைத் திருப்பவில்லை என்று ஒரு மார்க் குறைத்தாள்!

தேர்வுக்கு முந்தின இரவு புதுப் பாடம் வேண்டாம். பென்சிலைச் சீவி வைத்து, நேரத்தோடு சாப்பிட்டுத் தூங்கட்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதற்றம் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் பிள்ளைக்குப் போகிறது. திரும்பி வந்ததும், வேன் வாசலிலேயே கேள்வித்தாளைப் பிடுங்காமல், "எந்தக் கேள்வி பிடிச்சிருந்தது?" என்று கேளுங்கள்.

இந்த வயதில் தேர்வு எதற்கு என்பதையும் நினைவில் வையுங்கள். 2019 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரி 4 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அங்கே மதிப்பீடு. நம் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படித்தாலும் அந்த நோக்கம் நமக்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. எவ்வளவு பழக்கியும் எழுத்துகளும் எண்களும் தொடர்ந்து மாறி வந்தால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். கண்ணில் குறை இல்லையென்றால், வாசிப்பதில் சிரமம் இருக்கிறதா என்று ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். அது சோம்பேறித்தனம் அல்ல.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டுத் தேர்வு வரை சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் இந்தக் கூடத்தைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் பயிற்சித் தாள் எழுதட்டும். மார்க் போட மாட்டோம், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட மாட்டோம். காணாமல் போனதைச் சேர்ந்து தேடுவோம். நான் வருகிறேன், என்னைப் போல ஓய்வு பெற்றவர்களும் வாருங்கள்.

போன வாரம் என் பேத்தியின் அடுத்த விடைத்தாள் வந்தது. 25-க்கு 19. பெரிய மார்க் இல்லைதான். ஆனால் செருப்பைக் கழற்றும் முன்பே அதை என் கையில் கொடுத்து, "தாத்தா, ஆறு காணோம், தேடலாமா?" என்றாள்.