சட்டம் வந்தது, பாடசாலை வரவில்லை

(தோட்டக் கிளைத் தலைவர், தலைவிமாருக்கான கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சீர்திருத்தம் என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இது தோட்டத்துக்கு எப்போது வரும்?" என்பதுதான். அப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது.

1907ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு செய்வது துரையின் பொறுப்பு என்றது. 1920இல் இன்னொரு சட்டம் அதை இறுக்கியது. பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பிள்ளை படித்தால் மலையில் ஒரு கை குறையும் என்று கணக்குப் பார்த்தவரிடம்! லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில், எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அதற்கு மேல் வளரவிடவில்லை.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகம் வரை ஏறியது அதனால்தான். அதை நாமும் மதிக்கிறோம். ஆனால் தோட்டப் பாடசாலை நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. அதை அரசாங்கம் ஏற்க 1947இல் சட்டம் திருத்தப்பட்டது, நடந்ததோ சொற்பம். அதே 1947இல் நம் வாக்குகளால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. மறு வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் நம்மில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. பிறகு நம் பாடசாலைக்காகப் பாராளுமன்றத்தில் யார் பேசுவது?

1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது. அப்போதும் தோட்டப் பாடசாலைகளைத் தொடவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977க்குப் பிறகுதான் பாடசாலைகள் படிப்படியாகக் கல்வி அமைச்சுக்குப் போயின. இலவசக் கல்வி நம் லயத்து வாசலுக்கு வர 30 வருடத்துக்கு மேல் ஆனது.

அதன் பிறகு நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். சுவீடன் உதவியோடு கட்டிடங்கள் எழும்பின. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. லயத்தில் பிறந்தவர்கள் ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் ஆனார்கள். கிடைத்த இடத்தில் நம் பிள்ளைகள் படித்துக் காட்டினார்கள்.

இன்று 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். சட்டம் சரிதான். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க எத்தனை தோட்டப் பிள்ளைகள் டவுனுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது? பிள்ளைகள் குறைந்த பாடசாலையை மூடி இன்னொன்றோடு இணைக்கலாம் என்று சொல்பவர்கள், மழையிலும் பனியிலும் அந்த மலைப்பாதையில் ஒருநாள் நடந்து பார்க்கட்டும்.

ஆகவே கிளைகளிடம் நாம் கேட்பது இரண்டு. பாடசாலைக் காணி பாடசாலையின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று அதிபரிடம் விசாரியுங்கள். இல்லையென்றால் தொழிற்சங்கத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

மற்றது, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். வேலை நாளில் காலை 10 மணிக்கு வைத்தால் கொழுந்தெடுக்கும் தாய் எப்படி வருவாள்? அவளுடைய நாட்சம்பளம் போய்விடுமே. பின்னேரக் கொழுந்து நிறுத்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையிலோ கூட்டத்தை வைக்கச் சொல்லி, அடுத்த மாதத்துக்குள் ஒவ்வொரு கிளையும் அதிபருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதத்தின் பிரதியைக் காரியாலயத்துக்கும் அனுப்புங்கள்.