பொம்மைப் படங்களும் பெரியோர் தீர்ப்பும்



பொம்மை சிறுவர்க்குரியது, ஆதலின் பொம்மையைப் பற்றிய படைப்பும் சிறுவர்க்கே உரியது என எண்ணுவோர் பலர். ஆயின், சிறுதேர் உருட்டும் குழந்தையைப் பிள்ளைத்தமிழில் பாடியவர்களும் அதனைச் சுவைத்தவர்களும் பெரியவர்களே. ஆகவே, அமெரிக்காவில் பொம்மைகளைக் கொண்டு எடுக்கப்பெற்ற அசைவூட்டப் படங்களைப் பெரியவர்கள் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதும் இலக்கிய வட்டத்திற்கு ஏற்ற வினாவே ஆகும்.

தொடக்கத்தில் அம்மதிப்பீடு கடுமையாகவே இருந்தது. 1985-இல் 'கேர் பேர்ஸ்' கரடிகளின் படமும், 1986-இல் 'மை லிட்டில் போனி', 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ஆகிய படங்களும் வெளிவந்தன. இவை கட்டணம் பெற்றுக்கொண்டு காட்டப்படும் நீண்ட விளம்பரங்கள் என்று திறனாய்வாளர் பலர் சாடினர். அக்குற்றச்சாட்டைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தில் பிள்ளைகளின் அன்புக்குரிய தலைவனான ஆப்டிமஸ் பிரைம் மாண்டுபோகிறான். பழைய பொம்மைகளை விலக்கிப் புதியவற்றை விற்கும் நோக்கமே அம்மரணத்திற்குக் காரணமாயிற்று. பிள்ளைகள் அரங்கிலேயே அழுதனர். 1987-இல் தொலைக்காட்சித் தொடரில் அவனுக்கு மீண்டும் உயிர் கொடுக்க நேர்ந்தது. வணிகருக்குப் பழஞ்சரக்காகத் தோன்றியது பிள்ளைக்கு உற்ற துணையாக இருந்தது என்பதை அக்கண்ணீர் காட்டிற்று.

இவ்வேறுபாட்டையே கதைப்பொருளாக்கியது 1995-இல் ஜான் லாசெட்டர் இயக்கிய 'டாய் ஸ்டோரி'. முற்றிலும் கணிப்பொறியால் உருவாக்கப்பெற்ற முதல் முழுநீளத் திரைப்படமும் அதுவே. ஆண்டி என்னும் சிறுவனிடம் புதிய விண்வெளி வீரப் பொம்மை வந்ததும், பழைய பொம்மையாகிய வுடி தன் இடம் பறிபோகுமோ என்று அஞ்சுகிறது. அவ்வச்சத்தைச் சிறுவர் வேடிக்கையாகக் கண்டனர். அலுவலகத்தில் தமக்குப் பின் வந்தவரால் ஒதுக்கப்பட்ட பெரியவரோ அதில் தம்மையே கண்டனர். 1999-இல் வந்த இரண்டாம் படம் மேலும் ஆழமானது. அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் என்றும் அழியாமல் இருப்பதா, வளர்ந்துவிடப்போகும் பிள்ளையின் அன்பில் சில காலமே வாழ்வதா என்பது அதில் எழும் வினா. வுடி இரண்டாவதையே தேர்கிறது.

2010-இல் வந்த மூன்றாம் படத்தில் ஆண்டி கல்லூரிக்குச் செல்கிறான். போகுமுன், தன் பொம்மைகளை போனி என்னும் சிறுமியிடம் ஒப்படைக்கிறான். அக்காட்சியில் பெற்றோர் பலர் கண்கலங்கினர். பிள்ளை புறப்பட்டுச் செல்ல, வீட்டில் தங்கிவிடும் தம் நிலையையே அவர்கள் அப்பொம்மைகளில் கண்டனர். கதை அங்கேயே நிறைவுற்றது எனக் கருதியவர்கள் 2019-இல் வந்த நான்காம் படத்தைத் தேவையற்றது என்றனர். வுடிக்கும் தனக்கென ஒரு வாழ்வு வேண்டும் என்றனர் மற்றவர். இரு சாராரும் ஒரு பொம்மையின் வாழ்வைப் பற்றி மெய்யான அக்கறையுடன் வழக்காடினர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

2014-இல் வந்த 'லெகோ மூவி' இவ்வழக்கைப் பெரியவர் பக்கமே திருப்பியது. அதில் வரும் தந்தை, தாம் கட்டிய லெகோ நகரைப் பிள்ளை கலைத்துவிடாதபடி பசையிட்டு ஒட்டிவிட முனைகிறார். விளையாட்டைக் காட்சிப் பொருளாக்கும் அவரே கதையின் கொடுங்கோலனுக்கு மூலம். விற்பனைப் பொருளின் பெயரையே தாங்கிய படம், அப்பொருள் பிள்ளையின் கையில் எப்படியும் மாறலாம் என்று வாதிட்டது. விளம்பரம் என்று ஐயுற்றுச் சென்ற பெரியவர் பலர் வியப்புடன் திரும்பினர்.

வணிகத்தில் பிறந்தது என்பதனால் மட்டுமே ஒரு படைப்பு தாழ்ந்துவிடாது. பிள்ளைகள் விரும்பினர் என்பதனால் மட்டுமே உயர்ந்தும்விடாது. பொம்மையை விற்றவனின் பார்வையில் கதை நிற்கிறதா, அதனோடு விளையாடிய பிள்ளையின் பார்வைக்கு வருகிறதா என்று கேட்பதே முறை. பெரியோர் தீர்ப்பு அவ்வினாவிலிருந்து தொடங்குமாயின், அது பிள்ளைகளுக்கும் நீதி செய்வதாக அமையும்.