வாடிக்கை என்னும் உறவு



புதிய வாடிக்கையாளரைத் தேடுவதினும் வந்தவரைப் பேணுதலே வணிகர்க்கு ஆக்கம் தரும் என்னும் நெறிக்கு, அமெரிக்கப் பேராசிரியர் லியோனார்டு பெர்ரி 1983இல் ‘உறவுவழிச் சந்தைப்படுத்தல்’ எனப் பெயரிட்டார். பெயர்தான் புதிது. எந்த வீட்டில் திருமணம், எவருக்கு எந்த அரிசி என்பதை மளிகைக்கடைக்காரர் என்றும் அறிந்தே இருந்தார். ஆயினும் நூறு வீடுகளை நெஞ்சில் வைக்கலாம். பல இலட்சம் வீடுகளை வைப்பது எங்ஙனம்?

இங்கிலாந்தின் டெஸ்கோ நிறுவனம் 1995இல் இதற்கு ஒரு வழி கண்டது. ‘கிளப்கார்டு’ என்னும் அட்டையைக் காட்டிப் பொருள் வாங்குவோர்க்கு, நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் தள்ளுபடிச் சீட்டு அஞ்சலில் வந்தது. கொடுத்தது சிறிது, பெற்றதோ ஒவ்வொரு வீட்டின் வாங்கும் கணக்கு. இறைச்சி வாங்காத வீட்டுக்கு இறைச்சிக்கான சீட்டை அனுப்புவது வீண் என்பதைக் கணினியே சொல்லிவிடும் அன்றோ! சோதனை முடிவுகளைக் கண்ட நிறுவனத் தலைவர் மக்லாரின், தாம் முப்பது ஆண்டுகளில் அறிந்ததினும் மிகுதியாக அக்கணக்காய்வாளர் மூன்றே திங்களில் அறிந்துவிட்டதை எண்ணி அஞ்சினாராம். அவ்வாண்டே டெஸ்கோ, செயின்ஸ்பரியை முந்தி நாட்டின் முதற்பெரும் மளிகை நிறுவனமாயிற்று. மறு ஆண்டில் செயின்ஸ்பரியும் அட்டை வெளியிட்டது.

ஆனால் பின்னாளில் நிகழ்ந்ததே கருதத் தக்கது. ஜெர்மானியக் கடைகளான ஆல்டியும் லிடிலும் புள்ளி அட்டை ஏதுமின்றி, குறைந்த வகைப் பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்றன. டெஸ்கோவின் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே மக்கள் அக்கடைகளுக்கு நடந்தனர். 2014இல் டெஸ்கோ தன் இலாபத்தை ஏறத்தாழ 25 கோடி பவுண்டு மிகைப்படுத்திக் காட்டியதும் வெளிப்பட்டது. வாங்குவோரை இத்துணை நுட்பமாக அறிந்த நிறுவனத்துக்கு, அவர்கள் விலகுவதைத் தடுக்க அவ்வறிவு உதவவில்லை. புதிதாகப் பொறுப்பேற்ற டேவ் லூயிஸ் நாடியது புதிய அட்டையை அன்று, விலைக் குறைப்பை.

இப்போது அங்கே பொருளுக்கு இரு விலைகள்: அட்டையுடையார்க்கு ஒன்று, இல்லார்க்கு அதனினும் கூடுதலாக ஒன்று. ஐந்து பெருங்கடைகளின் இத்தகைய விலைகளை அந்நாட்டுப் போட்டி ஆணையம் ஆராய்ந்து 2024இல் அறிக்கை தந்தது. நூற்றுக்கு 92 பொருள்களில் தள்ளுபடி மெய்யானதே என்றது அது. எனினும், பொது விலையை வேண்டுமென்றே ஏற்றிவிட்டுக் குறைப்பதுபோற் காட்டுகின்றனர் என்றே வாங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாணையத்திடம் கூறியிருந்தனர்.