கொசுப்புழுவுக்குப் பகையான நுண்ணுயிர்கள்

(காஞ்சிபுரம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மழைக்காலம் நெருங்கும்போது ஊராட்சிகளிலிருந்து வரும் வேண்டுகோள்களில் புகையடிக்கும் இயந்திரம் வேண்டும் என்பது தவறாமல் இடம்பெறுகிறது. கொசுவின்மீது மக்களுக்குள்ள கோபம் நியாயமானதே. நமது பகுதியின் நெசவாளி பகல் முழுவதும் குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்திருக்கிறார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. அவர் பத்து நாள் காய்ச்சலில் படுத்தால் பாவு தறியிலேயே நிற்கும், கூலியும் நிற்கும். 2017ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். 65 பேர் இறந்தனர் என்பது அரசாங்கக் கணக்கு. யானைக்கால் நோயும் நம் மாவட்டத்துக்குப் புதியதன்று.

ஆயினும், புகை செய்வது என்ன? பறந்துகொண்டிருக்கும் கொசுக்களில் சிலவற்றைக் கொல்கிறது. வீட்டுக்குள் துணி மறைவிலும் தறிக்குழியிலும் ஒதுங்கியிருக்கும் ஏடிஸ் கொசுவை, தெருவில் மாலையில் அடிக்கும் புகை எட்டுவது அரிது. தண்ணீரில் நெளியும் புழுக்களை அது தொடுவதே இல்லை. இன்று அடித்த புகை கலைவதற்குள் நாளைய கொசு தண்ணீரில் தயாராகிறது. ஆகவே பகைவனைத் தண்ணீரிலேயே மடக்க வேண்டும். அதற்கு இயற்கையே சில துணைவர்களை நமக்குத் தந்திருக்கிறது.

பூச்சிகளுக்கும் நோய் உண்டு என்பதை விவசாயிகளாகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிலக்கடலையிலும் பருத்தியிலும் சில புழுக்கள் செடியின் நுனியில் தலைகீழாகத் தொங்கி, உடல் கரைந்து சாவதைக் கண்டிருப்பீர்கள். அது ஒருவகை வைரஸ் செய்யும் வேலை. ‘என்.பி.வி.’ என்ற பெயரில் அந்த வைரஸைக் கரைசலாக்கி, வெல்லம் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கும் முறை நம் வேளாண்மைத் துறை பரப்பிய முறையே. வெயிலின் கதிர் அந்த வைரஸைக் கெடுத்துவிடும் என்பதால்தான் மாலை நேரம். மல்பெரி தின்னும் பட்டுப்புழு உடல் வீங்கி, பால்போன்ற நீர் வடிந்து சாகும் கிராசரி நோய்க்கும் இவ்வினத்தைச் சேர்ந்த வைரஸே காரணம்.

இத்தகைய வைரஸ் கொசுப்புழுவுக்கும் உண்டா? உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1997இல் கியூலெக்ஸ் இனக் கொசுப்புழுக்களிடையே அப்படி ஒன்று கண்டறியப்பட்டது. நம் ஊரில் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் புழுவையும் அது தாக்கக்கூடியது. தண்ணீரில் மக்னீசியம் உப்பு இருந்தால் அது வலுவாகத் தொற்றுகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் தொற்றுவதில்லை. பட்டுப்புழுவைக் கொல்லும் வைரஸ் வேறு, இது வேறு. ஆகையால் பட்டுத்தொழில் செய்வோர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உயிருள்ள புழுக்களிலேயே இதை வளர்க்க வேண்டியிருப்பதால் செலவு மிகுதி. ஏடிஸ் கொசுவின்மீது இதற்கு வலிமை இல்லை. எனவே பருத்திக் காட்டுக்கு வந்த வைரஸ், கொசுக் குட்டைக்கு இன்னும் வந்து சேரவில்லை. “வைரஸ் மருந்து” என்று யாரேனும் ஊராட்சிக்கு விற்க வந்தால், சுகாதாரத் துறையைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இப்போதே கைக்கு எட்டுவது வேறொரு நுண்ணுயிர். 1976இல் இஸ்ரேல் நாட்டின் நெகேவ் பாலைநிலத்தில் கண்டெடுக்கப்பட்ட ‘பி.டி.ஐ.’ என்னும் பாக்டீரியாவே அது. அதன் உடலில் ஒருவகைப் புரதப் படிகம் உண்டு. கொசுப்புழு அதை விழுங்கினால் குடல் சிதைந்து ஒரு நாளுக்குள் பெரும்பாலும் மடிகிறது. மனிதர், மாடு, மீன் ஆகியவற்றின் குடலில் அது அவ்வாறு வேலை செய்வதில்லை. புதுச்சேரியில் 1975இல் நிறுவப்பட்ட நோய்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், நம் நாட்டிலேயே எடுத்த ‘பி17’ என்னும் வகையைக் கொண்டு இம்மருந்தைத் தயாரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது.

இம்மருந்தில் மூன்று குறிப்புகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, உண்ணும் புழுவை மட்டுமே இது கொல்லும். கூட்டுப்புழு உண்பதில்லை, ஆகவே காலம் தாழ்த்தித் தெளித்தால் பயன் குறையும். இரண்டாவது, இதன் ஆற்றல் நெடுநாள் நிற்பதில்லை. குறித்த இடைவெளியில் மீண்டும் தெளிக்க வேண்டும். மூன்றாவது, ஒரே மருந்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பி.டி.ஐ.க்கு உறவான ‘ஸ்பெரிகஸ்’ என்னும் பாக்டீரியாவைக் கொச்சியில் தொடர்ந்து பயன்படுத்தியபோது, கியூலெக்ஸ் புழுக்கள் அதைத் தாங்கும் வலிமை பெற்றுவிட்டதை ஆராய்ச்சியாளர் 1995இல் வெளியிட்டனர். ஒரே பூச்சிமருந்தை ஆண்டுதோறும் அடித்த விவசாயிக்கு இப்பாடம் முன்பே தெரியும்.

ஆகவே தண்ணீரின் தன்மையறிந்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுத் தொட்டி, குடம், சாயமிடும் பாத்திரம் ஆகியவற்றுக்கு மருந்தைவிட மூடியே சிறந்தது. ஏடிஸ் முட்டை உலர்ந்த சுவரிலும் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். எனவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்டாங்குச்சி, பழைய டயர், உடைந்த உரல் ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். கழிவுநீர் தேங்கும் இடத்தில் முதலில் நீரை ஓடச் செய்யுங்கள். ஓடாத இடத்தில் பி.டி.ஐ. தெளியுங்கள். கோயில் குளங்களில் இருக்கும் மீன்களே நமக்குக் காவல். கரையோரப் பாசியையும் புல்லையும் அகற்றினால் அம்மீன்கள் புழுக்களை எட்டும். வெளியூர் மீனை விடுமுன் மீன்வளத் துறையின் யோசனையைக் கேட்க வேண்டும். பாழுங்கிணற்றிலும் கழிவுக் குழியிலும் தெர்மோகோல் மணிகளை மிதக்கவிட்டால் புழுவுக்கு மூச்சு முட்டும். திருக்கோவிலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் யானைக்கால் நோய் மாத்திரையோடு இம்முறையும் சேர்த்துக் கையாளப்பட்டது. மாத்திரை நிறுத்தப்பட்ட பிறகும் அவ்வூர்களில் பலன் நிலைத்ததை மதுரை ஆராய்ச்சியாளர் கண்டனர்.

செலவிட்ட பணம் பலித்ததா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. மருந்து தெளிக்குமுன் அகப்பையால் பத்து இடங்களில் நீர் மொண்டு, அதில் நெளியும் புழுக்களை எண்ணி ஊராட்சிப் பதிவேட்டில் எழுதுங்கள். தெளித்த இரண்டாம் நாள் அதே பத்து இடங்களில் மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறையவில்லையெனில், மருந்து பழையதா, அளவு குறைந்ததா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மன்றத்தில் பட்டியல் வைக்கும்போது இவ்விரண்டு எண்களையும் சேர்த்து வைக்கலாம்.

இன்னும் ஒன்று. புதுச்சேரி மையம், வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது. அக்கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது கடினம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததென 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் கொசுவைக் கொண்டே கொசுவை அடக்கும் முயற்சி நம் நாட்டில் முன்பும் நடந்தது. 1969இல் டெல்லியில் தொடங்கிய அவ்வாராய்ச்சி, பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் ஐயங்கள் எழுந்து 1975இல் நின்றுபோயிற்று. மக்களுக்கு விளங்காத விஞ்ஞானம் ஊருக்குள் நுழைய முடியாது. அதை விளங்க வைப்பது அதிகாரிகளுக்கு மட்டுமுரிய வேலையன்று. கிராம சபையில் கேள்வி கேட்டு, விடை பெற்று, வீட்டுக்கு வீடு எடுத்துச் சொல்லும் உறுப்பினர்களின் வேலையும் ஆகும்.

எனவே, புகை இயந்திரத்துக்கு விண்ணப்பம் எழுதுமுன், உங்கள் ஊரில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எத்தனை, அவை எவ்வகையின, எதில் புழு உள்ளது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அப்பட்டியல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். நெசவாளியின் தறியும் உழவரின் ஏரும் காய்ச்சலால் நிற்காதிருக்க, இம்மழைக்குமுன் ஒவ்வொரு ஊராட்சியும் இப்பணியை முடிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.