ஒரு கொலை, மூன்று ஜெனரல்கள்



துப்பறியும் நாவலையெல்லாம் மேடையில் பேசலாமா என்று இங்கே இரண்டு பேராவது முகம் சுளித்திருப்பீர்கள். பரவாயில்லை. ஜெர்மன் எழுத்தாளர் ஹான்ஸ் ஹெல்முட் கிர்ஸ்ட் 1962இல் வெளியிட்ட 'ஜெனரல்களின் இரவு' நாவலின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள், பிறகு சுளியுங்கள்.

ஆண்டு 1942. ஜெர்மானியர் பிடியில் போலந்தின் வார்சா. பாலியல் தொழில் செய்துவந்த ஒரு பெண் கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். கழிப்பறைக்குள் ஒளிந்திருந்த ஒருவன் கதவிடுக்கு வழியே பார்த்திருக்கிறான். முகம் தெரியவில்லை. கால்சட்டையின் ஓரத்தில் ஓடிய சிவப்புப் பட்டை மட்டும் தெரிந்திருக்கிறது. அந்தப் பட்டை யாருக்கு? ஜெனரலுக்கு! அன்றிரவு எங்கே இருந்தோம் என்று கணக்குக் காட்ட முடியாத ஜெனரல்கள் மூன்று பேர். விசாரிக்கக் கிளம்புகிறவரோ வெறும் மேஜர்!

அதே 1942 கோடையில், அதே வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ரயிலேற்றி ட்ரெப்ளிங்கா முகாமுக்குக் கொல்ல அனுப்பினார்கள். அதற்கு உத்தரவு இருந்தது, கோப்பு இருந்தது, ரயிலுக்கு நேரம்கூட இருந்தது. கேட்கத்தான் நாதியில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தியின் சாவுக்குப் பதில் கேட்டு நிற்கிறார் மேஜர் கிராவ். செய்தவன் தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தால் என்ன, கொலை கொலைதானே என்கிற அந்தப் பிடிவாதம்தான் ஐயா, இந்த நாவலின் ருசி!

பிறகு கதை பாரிசுக்குப் போகிறது. 1944 ஜூலை 20, ஹிட்லரைக் கொல்ல ஜெர்மன் ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க் குண்டு வைத்த நாள். அந்தச் சதியின் பகுதியாக அன்று பாரிசில் ஜெர்மன் ராணுவமே ஹிட்லரின் எஸ்.எஸ். படை ஆட்களைக் கைது செய்தது. விடிவதற்குள் விடவும் வேண்டியதாயிற்று. யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்றே புரியாத அந்த இரவுக்குள் கொலை வழக்கைக் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறாரே கிர்ஸ்ட், அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காகவே படிக்கலாம்.

கிர்ஸ்ட் 1933 முதல் 1945 வரை அந்த ராணுவத்திலேயே இருந்தவர். மேலே குழைந்து கீழே மிதிக்கும் அதிகாரிகளை அவர் கிண்டல் செய்யும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். நடுவில் வரும் காதல் கதை கொஞ்சம் இழுவைதான், மறைக்கவில்லை.

பீட்டர் ஓ'டூல், உமர் ஷெரிஃப் நடித்து 1967இல் படமாகவும் வந்தது. அதை முதலில் பார்த்துவிடாதீர்கள், புத்தகத்தைப் படியுங்கள். கொலையாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே படித்தவர்கள் யாரும் இருந்தால், தயவுசெய்து பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்!